நூலிருப்பும் கணக்கேடும்

நூல் என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் தருவது. நெய்தற்குரிய இழையும் நூல். கற்றற்குரிய ஏடும் நூல். நன்னூலார் தம் பாயிரத்தில் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டினார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் மதியைக் கதிராகவும் வைத்து அவர் உவமித்த அழகு தமிழ் கற்றோர் அறிந்தது. ஆனால் இழைக்கும் ஏட்டுக்கும் உவமையளவில் நில்லாத வேறோர் உறவும் உண்டு. மனிதன் எழுத்தென ஒன்றைக் கண்ட காலத்து, அதனைக்கொண்டு முதலில் எழுதியது பாட்டன்று, கதையன்று, கடவுள் வாழ்த்துமன்று. கணக்கே எழுதினான். ஆடு எத்தனை, தானியம் எத்தனை படி, துணி எத்தனை என்பனவே அவனுடைய முதல் ஏடுகளிற் பெரும்பாலானவற்றை நிரப்பின. கிராணி வேலை பார்க்கும் எம்மனோர்க்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு. அப்பெருமை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைப் பின்னே பார்ப்போம்.

நூலிருப்பைக் கணக்கெடுத்தல் அற்பமான வேலை என்று நினைப்பவர், அதனைச் செய்து பாராதவர். வீட்டில் கம்பளி நூல் பின்னும் பெண்மணியாயினும், தறியில் வேட்டி நெய்யும் நெசவாளியாயினும், வேலை தொடங்குமுன் அறியவேண்டியவை மூன்று. கையிருப்பு எவ்வளவு? அஃது எத்தன்மைத்து? எண்ணிய ஆடை எவ்வளவு நூலைத் தின்னும்? இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் பாதிச் சட்டையோடு நிற்க நேரும். அப்பொழுது கடைக்கு ஓடினால் அதே சாயத்தில் நூல் அகப்படாது. நிறத்தின் பெயர் ஒன்றாயிருப்பினும், வெவ்வேறு முறை தோய்த்த நூல்களை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்செனத் தெரியும்.

உருண்டைகளை எண்ணி இருப்பெழுதுவோர் பலர். அது தேங்காயையும் பாக்கையும் ஒன்றாய்க் கூட்டி எண்ணுவது போலாகும். நிறுத்தே எழுதவேண்டும். நிறை மட்டும் அறிந்தாலும் போதாது. ஓர் இராத்தல் தடித்த நூலின் நீளம் வேறு, ஓர் இராத்தல் மெல்லிய நூலின் நீளம் வேறு. இதன் பொருட்டே பஞ்சு நூலுக்கு நம்பர் வகுத்தனர். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஓர் இராத்தலுக்கு எத்தனை சிட்டம் ஏறுமோ அதுவே அந்நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் நூல் ஓர் இராத்தலில் 16,800 கஜம் இருக்கும்; 40-ஆம் நம்பர் நூல் 33,600 கஜம் இருக்கும். நம்பர் ஏற ஏற இழை மெலியும். ஆகவே நிறையும் நம்பரும் தெரிந்தவனுக்கு நீளம் தானே தெரியும். முழம் போட்டு அளக்கவேண்டுவதில்லை.

ஒரு வேட்டியைக் கொண்டு இதனை விளக்குவாம். நீளம் 4 கஜம். அகலம் 50 அங்குலம். அங்குலத்துக்குப் பாவில் 60 இழை, ஊடையில் 60 இழை என்று கொள்க. பாவிழைகள் 3,000, ஒவ்வொன்றும் 4 கஜம், ஆகப் பாவுக்கு 12,000 கஜம். ஊடையிழைகள் 8,640, ஒவ்வொன்றும் 50 அங்குலம், கூட்டிப் பார்த்தால் அதுவும் 12,000 கஜமே. மொத்தம் 24,000 கஜம். 40-ஆம் நம்பர் நூலில் இஃது ஏறத்தாழ பதினொன்றரை அவுன்ஸ். இழை வளைந்து செல்வதாலும், தறியில் வெட்டுப்படுவதாலும் குறைவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், வேட்டி ஒன்றுக்குப் பன்னிரண்டரை அவுன்ஸ் வேண்டும். பத்து இராத்தல் கட்டு ஒன்றில் 12 வேட்டி வரும். மிச்சம் சிறிது நிற்கும். பதின்மூன்றாவது வேட்டிக்கு முன்பணம் வாங்கிய நெசவாளி கடன்காரனாவான். அவன் நெய்தலில் தவறியவனல்லன், வகுத்தலில் தவறியவன்.

இது பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு. ஆயினும் இதனை நாடளாவிய முறையில் முதன்முதல் போட்டவர்களைத் தேடிச் சென்றால், நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பின்செல்ல வேண்டியிருக்கிறது.

யூப்ரட்டீஸ், டைக்ரிஸ் என்னும் ஆறுகள் பாயும் நிலத்தில், இன்று இராக் எனப்படும் நாட்டின் தென்பாகத்தில், சுமேரியர் வாழ்ந்தனர். அவர்தம் பெருநகர்களுள் ஒன்றன் பெயர் ஊர் என்பது. இப்பெயரைக் கேட்டவுடனே, அவர் தமிழரே என்று மேசையைத் தட்டுவோர் நம்மிற் பலர். ஒரு சொல்லின் ஒலி ஒத்ததுகொண்டு உறவுமுறை கொண்டாடுவது, ஒரே பெயருடைய இருவரை அண்ணன் தம்பி என்பதற்கு நிகர். சுமேரியர் மொழி எம்மொழிக்கும் இனமென்று நிறுவப்பட்டதன்று. அவர் நமக்கு உறவினர் ஆகாவிடினும் அவரிடம் நாம் கற்கத்தக்கது உண்டு, அதுவே போதும்.

கி.மு. 2112 முதல் 2004 வரை, ஊர் நகரத்திலிருந்து அரசாண்ட வமிசத்தை ஊரின் மூன்றாம் வமிசம் என்பர். ஊர்-நம்மு தொடங்கி ஐவர் ஆண்டனர்; அவருள் இரண்டாமவனான சுல்கி 48 ஆண்டு அரசிருந்தான். அந்த நூறாண்டுக் காலம் விட்டுச்சென்ற களிமண் ஏடுகள் இலட்சத்துக்குக் குறையா. ஈரக் களிமண்ணில் நாணற்குச்சியால் அழுத்தி எழுதி உலர்த்தியவை அவை. அரசர் வெற்றியையும் ஆலயப் பெருமையையும் அவற்றில் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். மிகப் பலவும் வரவு, செலவு, இருப்பு, நிலுவை என்னும் நான்கனுள் அடங்குவன. பழைய பங்களா அலமாரியில் கட்டிவைத்த ரிஜிஸ்தர்களைத் தூசி தட்டிப் புரட்டிய அனுபவம் உடையார்க்கு அவ்வேடுகள் அந்நியமாய்த் தோன்றா.

சுமேரியரிடம் பருத்தியில்லை. ஆட்டுமயிரும் ஆளிநாருமே அவர் நூல். ஆட்டுமயிரைக் கத்தரிப்பதில்லை; உதிரும் பருவத்தில் கையாற் பறித்தனர். பறித்ததை நிறுத்தனர். அவர் எண்முறை அறுபதை அடியாக உடையது. அறுபது சேக்கல் ஒரு மினா. அறுபது மினா ஒரு தாலந்து. ஒரு மினா நம் அளவில் ஏறத்தாழ அரைக் கிலோ. நிறுத்தபின் தரம் பிரித்தனர். அரசர்க்குரியது, அதற்கு அடுத்தது, மூன்றாந்தரம், நான்காந்தரம், சாதாரணம் என்று நெய்த துணிகளையும் ஐந்து தரமாக எழுதியிருத்தலைக் காணலாம்.

இனி, அவர் திட்டம் வகுத்த திறத்தைக் கேளுங்கள். ஒரு துணி நெய்யவேண்டுமாயின் அதன் நீளத்தையும் அகலத்தையும் முழக்கணக்கில் எழுதினர். எந்தத் தரத்து மயிர் எத்தனை மினா என்று எழுதினர். பாவு நூலையும் ஊடை நூலையும் பிரித்து எழுதினர். முறுக்கேறிய பாவுக்கு வேலை மிகுதி என்பதை அவர் நன்கறிவர். மயிரைச் சீவிக் கலப்பதற்கு எத்தனை ஆள்நாள், நூற்பதற்கு எத்தனை, நெய்வதற்கு எத்தனை என்று அவற்றையும் எழுதினர். தறியிலாகும் நாளைவிடத் தக்களியிலாகும் நாள் மிகப் பெரிது. இவ்வளவும் ஏட்டில் இருந்தமையால், கிடங்கில் உள்ள மயிரைப் பார்த்த மாத்திரத்தில், இவ்வாண்டு இத்தரத்தில் இத்தனை துணி என்று சொல்ல அவர்களால் இயன்றது. இன்றைய ஆலை முதலாளி அவர்களைக் கண்டிருந்தால் உடனே வேலைக்கு அமர்த்திக்கொள்வார்.

ஆனால் நூலை நிறுத்த தராசிலேயே நூற்றவளையும் நிறுத்தனர் என்பதை மறக்கலாகாது.

நூற்றவரும் நெய்தவரும் பெரும்பாலும் பெண்கள். கிர்சு, குவாப்பா முதலிய இடங்களிலிருந்த நெசவுச்சாலைகளில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தனர். போரிற் சிறைப்பட்டு வந்தவர் சிலர். வறுமையால் ஆலயத்துக்கு ஒப்புவிக்கப்பட்ட விதவைகளும் அநாதைகளும் சிலர். ஏடுகளில் பெண்ணின் பெயர் இருக்கும். அதனையடுத்து அவள் பிள்ளைகள் இருப்பர். கணவன் பெயரைக் காணோம். பெயருக்கு எதிரே மாதப்படி. ஆண் வேலையாளுக்கு மாதம் 60 லிட்டர் அளவு வாற்கோதுமை வழங்கிய காலத்தில் பெண்ணுக்கு வழக்கமான படி 30 லிட்டர். பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப அதனினும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை உடைக்காக மயிர் கொடுத்தனர். பெண்ணுக்கு மூன்று மினா. அரசர்க்குரிய ஆடையை ஆண்டு முழுதும் நெய்தவளுக்குத் தன் உடைக்கென வந்தது ஒன்றரைக் கிலோ மயிர். அதனையும் அவளே நூற்று நெய்துகொள்ள வேண்டும்.

சில பெயர்களுக்கு அருகே இறந்தாள் என்னும் குறி உண்டு. சிலவற்றுக்கு அருகே ஓடிவிட்டாள் என்னும் குறி. பிணி என்பதும் உண்டு. யான் அவ்வேடுகளின் பெயர்ப்பைப் படித்தபோது, என் கையால் நாள்தோறும் நிரப்பும் செக்ரோல் என் கண்முன் நின்றது. பெரட்டில் வந்தவர், வராதவர், சுகமில்லாதவர் என்று கோடு போட்ட கட்டங்களில் ஓரெழுத்து எழுதி மேலே செல்கிறோம். அவ்வெழுத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை இருக்கிறது. கட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. சுமேரியக் கிராணியும் என்னைப்போல் ஒரு மாலைக்குள் ஏட்டை முடிக்கவேண்டியவனாயிருந்திருப்பான்.

வேலை நாளையும் அவர்கள் நூலைப் போலவே இருப்பாகப் பாவித்தனர். மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள் என்பது கணக்குக்காக வகுத்த ஆண்டு. 36 பெண்கள் ஓராண்டு வேலைக்கு உரியரானால் 12,960 ஆள்நாள் மேற்பார்வையாளன் பேரில் பற்று எழுதப்படும். பெண்ணுக்கு ஆறில் ஒரு பங்கும் ஆணுக்குப் பத்தில் ஒரு பங்கும் ஓய்வு நாளாகக் கழிப்பது வழக்கம். மீதி நாள்களுக்கு உரிய வேலையை அவன் காட்டவேண்டும். காட்டியது வரவு, காட்டாதது நிலுவை. அந்நிலுவை அடுத்த ஆண்டுக்குத் தூக்கி வைக்கப்படும். மிச்சம் காட்டிய கணக்கு அரிது. நிலுவையோ ஆண்டுக்காண்டு வளர்ந்தது. எட்டமுடியாத அளவை வகுத்துவிட்டு, எட்டாததைக் கடனாக எழுதுவதற்குப் பெயர் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலுவையோடு மேற்பார்வையாளன் இறந்தால் அவன் வீட்டையும் பொருளையும், மனைவி மக்களையுங்கூட அரசு கைப்பற்றியதற்கு ஏடுகளே சான்று. கங்காணியின் கதி இதுவானால் அவனுக்குக் கீழிருந்த பெண்களின் கதியை எழுதவேண்டுமோ?

இவ்வழக்கம் சுமேரியாவோடு முடியவில்லை. பல நூற்றாண்டு கழித்து, கிரேத்தா தீவில் நோசோஸ் அரண்மனையிலும் இதே காட்சி. அங்கே ஏறத்தாழ ஓரிலட்சம் ஆடுகள் களிமண் ஏட்டில் பதிவாகியுள்ளன. நான்கு கடாவுக்கு ஒரு நிறை மயிர் வரவேண்டும் என்பது விதி. வந்தது இவ்வளவு, குறைந்தது இவ்வளவு என்று ஒவ்வொரு மந்தைக்கும் எதிரே குறித்தனர். அரண்மனை எரிந்தபோது நெருப்பில் வெந்து இறுகியதாலேயே அவ்வேடுகள் தப்பின. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் ஆங்கிலேயர் அவ்வெழுத்தைப் படித்து அது பழைய கிரேக்கமே என்று காட்டினார். அவர் கட்டடக் கலைஞர். பல்கலைக்கழகப் பண்டிதர் அல்லர். ஓமரின் காவியத்துக்கு முந்திய வீரகாதையை எதிர்பார்த்துக் காத்திருந்த உலகுக்கு அவர் கொடுத்தது ஆட்டுக்கணக்கு.

இனி வேறொரு நகரத்துக்குச் செல்வோம். ஊரின் வமிசம் அழிந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், டைக்ரிஸ் ஆற்றின் மேற்குக் கரையோரத்தில் அசூர் என்னும் வாணிக நகரம் செழித்தது. அந்நகரத்து வணிகர், கழுதைகளின்மேல் துணியும் வெள்ளீயமும் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இன்று துருக்கி நாட்டில் கைசேரி நகருக்கு அருகேயிருக்கும் கனேசு என்னும் ஊருக்குக் கொண்டுபோய் வெள்ளிக்கும் பொன்னுக்கும் விற்றனர். வணிகன் ஆண்டுக்கணக்கில் கனேசில் தங்குவான். மனைவி அசூரில் வீட்டையும் தறியையும் நடத்துவாள். அவர்களிடையே நடந்த கடிதப் போக்கும் வணிக ஏடுகளுமாக இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட களிமண் ஏடுகள் கனேசில் அகப்பட்டுள்ளன. காலம் கி.மு. பத்தொன்பதாம் நூற்றாண்டு.

அங்கே லமசி என்பாள் ஒருத்தி. கணவன் பூசு-கேன். துணி வரவில்லையென்றும், வந்தது சிறியதென்றும் அவன் அடிக்கடி முறையிட்டிருக்கிறான். அவளோ வாய் மூடியிருப்பவளல்லள். ஒரு கடிதத்தில் அவள் கூறும் சமாதானம் இது: பெண் வளர்ந்துவிட்டாள், வண்டிக்குக் கனத்த துணி இரண்டு நெய்யவேண்டியதாயிற்று, வீட்டிலுள்ளோர்க்கும் பிள்ளைகளுக்கும் நெய்தேன், ஆதலால் உங்களுக்கு அனுப்ப இயலவில்லை, சினங்கொள்ளற்க. இதில் ஒரு வீட்டின் வரவுசெலவுத் திட்டமே அடங்கியிருக்கிறது. கையில் இருந்த நூல் இவ்வளவு, அதில் வீட்டுத் தேவைக்கு முதலிடம், விற்பனைக்கு மிச்சம். இம்முடிவை அவளே எடுத்தாள். எடுத்ததற்குக் காரணமும் சொன்னாள். நகரில் மயிர் விலை ஏறிவிட்டது, பணம் அனுப்பும்போது அதனோடு மயிரும் வைத்து அனுப்புக என்று எழுதியதும் அசூர்ப் பெண்களின் கடிதங்களில் உண்டு. கனேசுப் பக்கத்தில் மயிர் மலிவு என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டு சந்தையின் விலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு இருப்பை நிரப்பியவர்கள் அவர்கள்.

வாக்குர்தும் என்பாளுக்குப் பூசுர்-அசூர் என்னும் வணிகன் எழுதிய கடிதம் இன்னும் நுணுக்கமானது. முன்பு அனுப்பிய மெல்லிய துணியைப் போலவே நெய்க. ஆனால் துணி ஒன்றுக்கு ஒரு மினா மயிர் கூடுதலாகச் சேர்க்க. சேர்த்தாலும் மெல்லியதாகவே இருக்கவேண்டும். ஒரு பக்கம் சீவப்பட வேண்டும். நெசவு நெருக்கமாக இருக்கவேண்டும். முடிந்த துணி ஒன்பது முழ நீளமும் எட்டு முழ அகலமும் இருக்கட்டும் என்பது அதன் சாரம். நிறையைக் கூட்டியும் துணி தடிக்கக்கூடாது என்றால் என்ன பொருள்? இழையை இன்னும் மெல்லிதாக நூற்று, முன்னினும் நெருக்கி நெய்யவேண்டும் என்பதே பொருள். மேலே நாம் போட்ட வேட்டிக் கணக்கை அந்த அம்மையார் நம்பரும் சிட்டமும் இல்லாமலே மனத்தில் போட்டாக வேண்டும். அப்படிப் போட்டு அனுப்பிய துணிக்கு வந்த வெள்ளி அவர்களுடையது. அதற்குக் கணக்குக் கேட்டுக் கணவனோடு வாதாடிய கடிதங்களும் உண்டு.

இவர்களை அளவிறந்து புகழ்வதும் தவறு. லமசி போன்றோர் வீடுகளில் அடிமைப் பெண்களும் நூற்றனர். அவர்களுடைய கடிதம் ஒன்றும் நமக்கு வரவில்லை. எனினும் கிர்சு நகரத்து நெசவுச்சாலைக்கும் அசூர் நகரத்து வீட்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னதில் மயிரும் பெண்ணும் ஒரே ஏட்டில் இருப்பு. பின்னதில் இருப்பைப் பார்த்து இன்னது நெய்வேன், இன்னது நெய்யேன் என்று சொன்னவள் பெண். எழுத்தும் எண்ணும் இரண்டிடத்தும் ஒன்றே. கிராணித் தொழிலின் பெருமை பற்றி முதலில் சொன்னதற்கு இப்போது விடை கிடைக்கிறது: கணக்கில் தவறில்லாத ஏடு, நியாயமான ஏடாகவும் இருக்கவேண்டும் என்பதில்லை.

அசூரிலிருந்து இங்கிலாந்துக்குத் தாவுவது நெடுந்தாவல்தான். இடைக்காலத்தில் நிகழ்ந்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிமுதல் நூற்கும் வேலை வீட்டைவிட்டு ஆலைக்குப் போயிற்று. நூல் கடையில் மலிந்தபின் அதை நிறுத்து எழுதும் பழக்கம் வீடுகளில் மறைந்தது. மறந்ததை 1939-இல் மூண்ட போர் மீண்டும் கற்பித்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் விளைந்த மயிர் முழுவதையும் போர்க்காலம் முடியும் வரைக்கும் பிரிட்டிஷ் அரசாங்கமே வாங்க ஏற்பாடு செய்துகொண்டது. படைக்கு உடுப்பு முதலில், மக்களுக்கு மிச்சம்.

1941 ஜூன் முதல் நாள் அங்கே துணிப் பங்கீடு தொடங்கிற்று. அறிவித்தவர் வர்த்தகச் சபைத் தலைவர் ஆலிவர் லிட்டில்டன். பத்தாண்டு கழித்துக் குடியேற்ற நாட்டு மந்திரியாகி 1951 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தவரும் இவரே. முதலாண்டில் ஆளுக்கு 66 கூப்பன். பணம் எவ்வளவு இருந்தாலும் கூப்பன் தீர்ந்தால் துணியில்லை. பின்னும் நூலுக்கு இரண்டு அவுன்ஸுக்கு ஒரு கூப்பன். ஆண்மகன் ஒருவனுக்குக் கம்பளி மேற்சட்டை பின்ன 12 அவுன்ஸ் என்று கொண்டால் ஆறு கூப்பன். ஆண்டுப் பங்கில் பதினொன்றில் ஒன்று. அளவு வரவரக் குறைந்து, 1945-இல் ஆண்டுக்கு 36 என்னும் வீதத்துக்கு இறங்கியபோது, அதே சட்டை ஆண்டுப் பங்கில் ஆறில் ஒன்றை விழுங்கிற்று. நூலின் விலை இருவகையாயிற்று. பணவிலை ஒன்று, கூப்பன் விலை ஒன்று. இரண்டையும் ஒருங்கே வகுத்துப் பார்க்கவேண்டிய நிர்ப்பந்தம் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் வந்தது.

அவர்கள் கண்ட வழி பழைய சட்டையைப் பிரிப்பது. ஒட்டுத் தையலை அறுத்து, பின்னி முடித்த நுனியிலிருந்து இழையை உருவி, நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கிடத்தில் கட்டி, வெந்நீரில் அலசி, கீழே சிறு பளுவைத் தொங்கவிட்டு உலர்த்தினால் பின்னலின் சுருக்கம் நீங்கும். முழங்கையில் தேய்ந்த பாகம் கழியும். ஆதலால் பிரித்தபின் மீண்டும் நிறுக்கவேண்டும். பன்னிரண்டு அவுன்ஸ் சட்டை ஒன்பது அவுன்ஸ் நூலாக மீண்டால், தந்தையின் சட்டை மகனுக்காகும். அவனுக்குச் சிறுத்தபின் தங்கைக்காகும். நிறம் போதாதவிடத்துக் கோடிட்டுப் பின்னினர். அக்காலத்துப் பிள்ளைகளின் கோடு போட்ட சட்டைகளைப் படத்திற் பார்த்து நாகரிகம் என்று நினைப்போம்; பாதி நாகரிகம், பாதி நூல் போதாமை. 1943-இல் அரசாங்கமே பழையதைச் செப்பனிட்டு உடுக்கும் முறைகளைச் சிறு புத்தகமாக வெளியிட்டது. பங்கீடு 1949 மார்ச் 15-இல் நீங்கும் வரை அவ்வீடுகளில் நூல்ப்பெட்டி, பணப்பெட்டிக்கு நிகராக இருந்தது.

அதே ஆண்டுகளில் நம் நாட்டு நிலை என்ன? 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவில் நூற்பும் நெசவும் மிகச் சிறிதே. உடுத்த துணியிற் பெரும்பகுதி கப்பலில் வந்தது. கப்பல் நின்றதும் துணி நின்றது. முதலாண்டில் இருந்ததை உடுத்தனர். பின்பு தைத்து உடுத்தனர். பின்பு தைக்க நூலும் இல்லை. தோட்டங்களில் நம்மவர் கோணிச் சாக்கை உடுத்தனர். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழரும் காட்டிலே சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தனர். இங்கிலாந்தில் கூப்பன் இருந்தது. குறைவாயினும் பங்கு என்று ஒன்று இருந்தது. இங்கே தோட்டத்துப் பெண்ணுக்குப் பங்கும் இல்லை, பங்கு கேட்கும் ஏடும் இல்லை. கணக்கெழுத இருப்பு இருந்தால்தானே என்று சிலர் கேட்கலாம்.

எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவர், எழுத்தறியாதவர், அக்காலத்தைப் பற்றி எங்களுக்குச் சிறுவயதில் சொல்வதுண்டு. சாக்கு ஒன்று கிடைத்தால் உடனே வெட்டுவதில்லையாம். முதலில் ஓரத்து இழைகளை ஒவ்வொன்றாய் உருவி, ஈர்க்குச்சியில் சுற்றி வைப்பாராம். ஓர் ஆள் உடுப்புக்கு இருபக்கத் தையலுக்கு எத்தனை சுற்று வேண்டும், கழுத்துக்கு எத்தனை என்பது அவருக்குத் தெரியும். சுற்றுப் போதாதென்று கண்டால் கழுத்தைத் தைக்காமல் விட்டுவிடுவார். போதுமானால் சிறு பையும் வைப்பார். மிஞ்சிய இழையைக் குச்சியோடு கூரையிடுக்கில் செருகிவைப்பாராம், அடுத்த சாக்கு கிடைக்கும் வரையில்.